அடுக்குக் குலைய முன்

கலைப்பீடத்துப் பிள்ளைகள் புரோகிராமிங் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் இரண்டு வகையான முகங்களைப் பார்க்க வேண்டிவரும். ஒன்று, ‘உங்களுக்கேன் தேவையில்லாத வேலை’ என்ற முகம். மற்றது, ‘கடைசியில வேலை கிடைக்கிற மாதிரி ஏதோ படிக்கிறியள், நல்லது’ என்ற முகம். இரண்டுக்கும் நாங்கள் பழகிவிட்டோம். இந்தக் கட்டுரை வேலைவாய்ப்புப் பற்றியது இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறோம். சீ ஷார்ப் என்ற மொழியில் எழுதின ஒரு புரோகிராம் ஓடும்போது பிழை வந்தால் உள்ளே என்ன நடக்கிறது, அந்தப் பிழையை யார் பிடிக்கிறார், பிடிக்க முன் என்ன பார்க்கலாம், பிடித்த பிறகு எது போய்விடும் என்பதைப் பற்றியது. வரலாறும் தமிழும் படிக்கிற நாலு பேர் இதில் ஏன் மூன்று கிழமை கிடந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முந்நூற்றுப் பன்னிரண்டு கல்வெட்டுகள்

யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய, வீட்டுக்கு வந்தவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். கல்வெட்டு என்போம். இப்போது நினைவு மலர் என்றும் சொல்கிறார்கள். முன்னுக்குப் படம், பிறகு திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், கொஞ்சம் தேவாரம், கடைசியில் வம்சாவளி. எல்லா வீட்டிலும் அலுமாரிக்குள் நாலைந்து கிடக்கும். எடுத்து வாசிப்பவர்கள் குறைவு. ஆனால் ஊர் வரலாறு எழுத நினைப்பவருக்கு அதைவிட நல்ல சாமான் கிடையாது. யார் எந்த ஊரில் கலியாணம் முடித்தார், யார் மலாயாவுக்குப் போனார், யார் எந்த வருடம் கனடா போனார், எந்த வளவு எப்போது வெறுமையானது, எல்லாம் அந்தக் கடைசி இரண்டு பக்கத்தில் இருக்கிறது.

எங்களுடைய மூன்றாம் வருடக் குழு ஆய்வு இந்த வம்சாவளிகளை வைத்துத்தான். ஒரு அச்சகத்தார் தங்களுடைய பழைய கொம்பியூட்டரில் கிடந்த 312 கல்வெட்டுகளைப் பிரதி எடுத்துத் தந்தார்கள். எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. பாமினியில் தட்டினவர்களுக்குத் தெரியும், திரையில் ‘அம்மா’ என்று தெரிகிற சொல் உள்ளுக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்தாகத்தான் கிடக்கும். எழுத்துருவை மாற்றினால் அம்மா காணாமல் போய்விடுவார். ஆகவே முதலில் எல்லாவற்றையும் யூனிகோட்டுக்கு மாற்றினோம். பிறகு ஒவ்வொரு வம்சாவளியையும் ஆளுக்கு ஒரு வரியாகப் பிரித்துப் பெயர், தோற்றம், மறைவு என்று மூன்று பகுதியாக எழுதினோம். உயிரோடு இருப்பவருக்கு மறைவுப் பகுதியில் ‘உள்ளார்’ என்று போட வேண்டும். மற்றவர்களுக்கு அச்சில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே போட வேண்டும். ஒரு எழுத்தும் திருத்தக் கூடாது என்பது எங்கள் விரிவுரையாளரின் கட்டளை.

இந்தப் பைல்களை எல்லாம் வாசித்து ஒரு பெரிய அட்டவணையாக்கத்தான் புரோகிராம். முந்தைய வருடத்தில் வேறொரு ஆய்வுக்காக யாரோ எழுதிக் கைமாறிக் கைமாறி வந்தது. ஓட்டினோம். இரண்டு நிமிடமும் எடுக்கவில்லை. ‘முடிந்தது’ என்று காட்டியது. சிவப்பு எழுத்து ஒன்றும் இல்லை.

அன்று பின்னேரம் எங்களில் ஒருத்தி அட்டவணையில் தன்னுடைய அம்மம்மாவின் பெயரைத் தேடினாள். இல்லை. அம்மம்மாவின் கல்வெட்டு அந்த 312இல் ஒன்று, பைலும் இருக்கிறது, திறந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. அட்டவணையில் மட்டும் அம்மம்மாவும் இல்லை, அம்மாவும் இல்லை, இவளும் இல்லை. பிறகுதான் எண்ணிப் பார்த்தோம். அட்டவணையில் இருந்தது 274 புத்தகம். 38 புத்தகம் சத்தமே இல்லாமல் விழுந்திருந்தது.

‘38 தானே, நூற்றுக்குப் பன்னிரண்டு. முன்னுரையில ஒரு வசனம் போட்டுட்டு விடுவம்’ என்ற கதையும் வந்தது. சமர்ப்பிக்க ஒரு மாதம்தான் இருந்தது. அந்தக் கதையைக் குறை சொல்ல ஏலாது. ஆனால் எந்த 38 என்று தெரியாமல் எப்படி அந்த வசனத்தை எழுதுவது?

மேசைக்கு மேல் மேசை

எங்களில் இன்னொருத்தியின் அக்கா கொழும்பில் ஒரு சொப்ட்வெயார் கொம்பனியில் வேலை செய்கிறா. சனிக்கிழமை இரவு வீடியோ கோலில் கோட்டைக் காட்டினோம். அவ பார்த்துவிட்டு முதல் கேட்ட கேள்வி: “பிள்ளையள், உங்களுக்கு ஸ்டக் எண்டால் என்னெண்டு தெரியுமோ?” தெரியாது. அவ விளங்கப்படுத்தினதை நாங்கள் எங்களுக்கு விளங்கின மாதிரியே இங்கே எழுதுகிறோம்.

கச்சேரியில் இருந்து ஒரு விபரம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி பிரதேச செயலகத்தைக் கேட்கும். பிரதேச செயலகம் ஜீ.எஸ்ஸைக் கேட்கும். ஜீ.எஸ் வீட்டுக்கு வந்து கேட்பார். கீழே இருந்து பதில் வரும்வரை மேலே உள்ள ஒவ்வொரு மேசையிலும் ஒரு கோவை திறந்தபடி கிடக்கும். அதில் பாதி எழுதின கடிதம், குறித்துவைத்த இலக்கம், எந்த வரியில் நிற்கிறோம் என்ற அடையாளம் எல்லாம் இருக்கும். பதில் வந்ததும் ஜீ.எஸ்ஸின் கோவை மூடப்படும், பிறகு பிரதேச செயலகத்தினது, பிறகு கச்சேரியினது. கடைசியாகத் திறந்ததுதான் முதலில் மூடும்.

புரோகிராமும் அப்படித்தான். எங்களுடையதில் ஐந்து மேசை. ‘முதன்மை’ என்பது ‘கோப்புறையை வாசி’யைக் கூப்பிடும். அது ‘பைலை வாசி’யை, அது ‘ஆளை வாசி’யை, அது ‘திகதியை வாசி’யைக் கூப்பிடும். இப்படி ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் திறந்து கிடக்கிற அடுக்குத்தான் ஸ்டக். ஒவ்வொரு தட்டிலும் அந்தந்த வேலைக்குரிய பெறுமதிகள் இருக்கும்.

கீழ் மேசையில் எதிர்பாராத ஒன்று நடந்தால் அது வழமையான பதிலை அனுப்பாது. ஒரு எக்ஸெப்ஷனை எறியும். ‘எனக்கு இதை என்ன செய்யிறது எண்டு தெரியாது, மேலே தெரிஞ்ச ஆரும் இருந்தால் பிடியுங்கோ’ என்பதுதான் அதன் அர்த்தம். மேலே எங்கேயாவது ‘கட்ச்’ என்று எழுதின இடம் இருந்தால் அது பிடிக்கும். பிடிக்கிற மேசைக்குக் கீழே உள்ள அத்தனை கோவைகளும் மூடப்பட்டு, தட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். ஸ்டக் குலைகிறது என்று சொல்வது இதைத்தான். போகும்போது ‘பைனலி’ என்று எழுதின பகுதிகள் மட்டும் கட்டாயம் ஓடும். திறந்த பைலை மூடுவது, பூட்டைத் திறந்துவிடுவது மாதிரியான வேலைகள் அவை. வீட்டுக்குப் போக முன் அலுமாரியைப் பூட்டிவிட்டுப் போ என்பது போல.

இதை விளங்கிக்கொண்டு எங்கள் புரோகிராமைப் பார்த்தால் விசயம் வெளிச்சம். ‘பைலை வாசி’ என்ற மூன்றாவது மேசையில் ஒரு கட்ச் இருந்தது. எந்த வகை எக்ஸெப்ஷன் வந்தாலும் பிடிக்கும். பிடித்து என்ன செய்யும்? அடைப்புக்குறிக்குள் ஒன்றுமே இல்லை. வெறும் வெளி. அதாவது எந்தப் பிழை வந்தாலும் பிடி, ஒருவருக்கும் சொல்லாதே, அந்தப் பைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ.

அக்கா சிரித்தா. “இது எல்லா இடத்திலயும் நடக்கிறதுதான். புரோகிராம் நிக்காமல் ஓடினால் காணும் எண்டு எழுதுறது. நிக்காமல்தான் ஓடியிருக்கு.”

பிடிக்காமல் பார்ப்பது

எங்களுக்கு முதலில் தோன்றியது, அந்த வெறும் அடைப்புக்குறிக்குள் பிழையை எழுதிவைத்தால் சரிதானே என்பது. அக்கா வேண்டாம் என்றா. கட்சுக்குள் நுழைந்துவிட்டால் கீழ்த்தட்டுகள் ஏற்கனவே போய்விட்டிருக்கும். கையில் மிஞ்சுவது எக்ஸெப்ஷன் என்ற துண்டு மட்டும். எந்த வழியாக வந்தது என்ற மேசைப் பெயர்களின் பட்டியல் அதில் இருக்கும். ஆனால் அந்தந்த மேசையில் அப்போது என்ன கிடந்தது, யாருடைய வரியை வாசித்துக்கொண்டிருந்தது என்பது இருக்காது. பிடித்ததைத் திரும்ப மேலே எறிந்தாலும் கீழே போனது வராது. எறிகிற விதத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வெறுமனே ‘த்ரோ’ என்று எழுதினால் பழைய பாதை தங்கும். பிடித்த எக்ஸெப்ஷனின் பெயரையும் சேர்த்து எழுதி எறிந்தால் பாதை அந்த இடத்தில் இருந்து புதிதாகத் தொடங்கும். உண்மையில் எங்கே தொடங்கியது என்ற தடயமும் அழிந்துவிடும். ஒரு சொல்தான் வித்தியாசம்.

இங்கேதான் ஃபில்டர் வருகிறது. கட்சுக்குப் பக்கத்தில் ‘வென்’ என்று ஒரு சொல்லைப் போட்டு ஒரு நிபந்தனை எழுதலாம். நிபந்தனை உண்மை என்றால்தான் அந்த கட்ச் பிடிக்கும். இல்லையென்றால் எக்ஸெப்ஷன் அதைத் தாண்டி மேலே போகும். பார்த்தால் கட்சுக்குள் ஒரு ‘இஃப்’ போடுகிற மாதிரித்தான் தெரியும். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது.

டொட் நெற்றில் எக்ஸெப்ஷன் எறியப்பட்டதும் உடனே ஸ்டக் குலையாது. இரண்டு கட்டமாக நடக்கும். முதற் கட்டத்தில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு மேசையிடமும் போய், ‘இது உன்னுடைய வகையா, உன்னுடைய நிபந்தனைக்குச் சரிவருமா’ என்று கேட்டுக்கொண்டு மட்டும் போகும். ஒரு கோவையும் மூடப்படாது. ஒரு பைனலியும் ஓடாது. யார் பிடிக்கப்போகிறார் என்று தெரிந்த பிறகுதான் இரண்டாம் கட்டம். அப்போதுதான் தட்டுகள் கழலும், பைனலிகள் ஓடும், கடைசியாகக் கட்சின் உள்ளடக்கம் ஓடும். ஃபில்டர் ஓடுவது முதற் கட்டத்தில். அதாவது, சம்பவம் நடந்த இடம் நடந்தபடியே கிடக்கும்போது.

அந்த இயங்குதளத்தில் இந்த வசதி ஆரம்பத்தில் இருந்தே உண்டு. விசுவல் பேசிக் டொட் நெற்றில் 2002இலேயே எழுதலாம். சீ ஷார்ப்புக்கு 2015இல் வந்த ஆறாவது பதிப்பில்தான் கிடைத்தது. ஜாவாவில் இன்றைக்கும் இப்படியொரு ‘வென்’ இல்லை. வகையைப் பார்த்துப் பிடிக்கலாம், வேண்டுமென்றால் திரும்ப எறியலாம், அவ்வளவுதான்.

அக்கா செய்தது இது. ‘ஆளை வாசி’ என்ற நாலாவது மேசையில் ஒரு கட்ச் போட்டு, அதற்கு ஒரு ஃபில்டர் வைத்தா. அந்த ஃபில்டர் கையில் உள்ள வரியை அப்படியே ஒரு பைலில் எழுதிவிட்டு, எப்போதும் ‘இல்லை’ என்று பதில் சொல்லும். பார்க்கும், குறித்துக்கொள்ளும், பிடிக்காது. எக்ஸெப்ஷன் தன் பாட்டுக்கு மேலே போய்ப் பழைய கட்சில் விழும். புரோகிராமின் போக்கு ஒரு சொட்டும் மாறாது. ஆனால் 38 பைலிலும் எந்த வரியில் விழுந்தது என்று எங்களுக்குத் தெரியும்.

அதற்கு முன் அம்மம்மாவின் பைலை மட்டும் தனியாக ஓட்டி, ஃபில்டர் ஓடுகிற இடத்தில் புரோகிராமை நிறுத்திக் காட்டினா. திரையின் ஒரு பக்கத்தில் ஐந்து மேசையும் வரிசையாக நின்றன. கடைசி மேசையைத் தொட்டால் அதன் பெறுமதி தெரிந்தது: ஒரு சின்னக் கோடு. அதற்கு மேல் மேசையைத் தொட்டால் ஆளின் பெயர். எங்களுடைய சிநேகிதியின் மாமா. அவளுடைய அம்மாவின் தம்பி. தோற்றம் 1971. மறைவு என்ற இடத்தில் கோடு. அச்சில் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ‘காணாமல் போனவர்’ என்று இருந்தது.

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு அவள்தான் சொன்னாள், “சரி, மிச்சத்தையும் ஓட்டுங்கோ அக்கா.”

முப்பத்தெட்டில் என்ன இருந்தது

ஃபில்டர் எழுதிவைத்த பட்டியலைப் பார்த்தோம். 19 புத்தகத்தில் திகதி இல்லை, ‘1958 ஆவணி’ மாதிரி மாதம் மட்டும் இருந்தது. எட்டில் அச்சுப்பிழை. பெப்ரவரி 31இல் ஒருவர் பிறந்திருந்தார். மிச்சம் 11 புத்தகத்தில் கோடு.

புரோகிராமுக்கு இந்த மூன்றும் ஒன்றுதான். மூன்றுக்கும் அது எறிந்தது ஒரே வகை எக்ஸெப்ஷன், ‘வடிவம் பிழை’ என்பது. வகையை மட்டும் பார்த்துப் பிடிக்கிறவருக்கு மறந்துபோன மாதத்துக்கும், கைதவறின எழுத்துக்கும், காணாமல் போன தம்பிக்கும் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் அந்த வரியில்தான் இருக்கிறது. ஸ்டக் குலைந்தால் வரி போய்விடும்.

இன்னொன்றும் கவனித்தோம். கட்ச் பைல் மட்டத்தில் இருந்ததால், ஒருவருடைய கோட்டுக்காக அவருடைய குடும்பம் முழுவதும் விழுந்திருந்தது. தாய், தகப்பன், திகதியோடு இறந்தவர்கள், உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும். அதோடு, ஒவ்வொரு பைலும் முதற் பிழையோடு கைவிடப்பட்டதால் அதற்குப் பின்னால் இன்னும் கோடுகள் இருக்கலாம் என்று அக்கா சொன்னா. இருந்தன. 11 புத்தகத்தில் 14 பேர்.

எந்தப் புத்தகங்கள் விழுந்தன என்று பாராமல் முன்னுரையில் அந்த ஒற்றை வசனத்தை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு பிரதேசத்தின் குடும்ப வரலாற்றை அட்டவணையாக்கினோம் என்று சமர்ப்பித்திருப்போம். அந்த அட்டவணையில் காணாமல் போனவர் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார். யாரும் வேண்டுமென்று நீக்கவில்லை. வெறும் அடைப்புக்குறி ஒன்று நீக்கியிருக்கும்.

நிறுத்துவதும் ஒரு பதில் இல்லை

அப்படியென்றால் பிழை வந்தால் உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடுவதுதான் நேர்மையா? நாங்களும் அப்படித்தான் கேட்டோம். அக்கா ஏரியான் 5 கதையைத் தேடி வாசிக்கச் சொன்னா.

1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். ஐரோப்பாவின் புது ரொக்கெற்றான ஏரியான் 5இன் முதற் பயணம். உள்ளே நாலு கிளஸ்டர் செய்மதிகள். ஏறத்தாழ 37 செக்கனில், ரொக்கெற் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணிக்கிற கொம்பியூட்டர் ஒரு எண்ணை 64 பிற் தசம வடிவத்தில் இருந்து 16 பிற் முழு எண்ணாக மாற்றப் பார்த்தது. 16 பிற்றில் 32,767க்கு மேல் போக முடியாது. எண் அதைவிடப் பெரிது. எக்ஸெப்ஷன் எழுந்தது. அந்த எண்ணுக்குப் பாதுகாப்புப் போடப்பட்டிருக்கவில்லை. ஏரியான் 4இல் அது அவ்வளவு பெரிதாக வரவே வராது என்று கணக்குப் பார்த்திருந்தார்கள். அந்தக் கோட் அப்படியே ஏரியான் 5க்கு வந்தது.

எக்ஸெப்ஷன் வந்தால் கொம்பியூட்டர் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. பொருள் பழுதானால் மற்றக் கொம்பியூட்டர் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் எழுதின விதி அது. மற்றதிலும் அதே கோட் என்பதால் அது ஏற்கனவே அதே காரணத்துக்காக நின்றுவிட்டிருந்தது. நின்ற கொம்பியூட்டர் அனுப்பின பழுது விபரத்தைப் பிரதான கொம்பியூட்டர் பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டு, இல்லாத சாய்வைத் திருத்த ரொக்கெற்றைத் திருப்பியது. ரொக்கெற் உடைந்து வெடித்தது. இதில் வேதனை என்னவென்றால், அந்தக் கணிப்பு தரையில் இருக்கும்போது மட்டும்தான் தேவை. மேலே கிளம்பின பிறகு அதன் விடை ஒன்றுக்கும் உதவாது.

எங்கள் புரோகிராம் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் விழுங்கியது. ஏரியானின் கொம்பியூட்டர் எதையும் கேட்காமல் எல்லாவற்றையும் நிறுத்தியது. இரண்டிலும் ‘இது என்ன, இங்கே இதற்கு என்ன அர்த்தம்’ என்ற கேள்வி இல்லை. ஃபில்டர் என்பது அந்தக் கேள்விக்கான இடம்.

ஃபில்டரையும் கோயில் கட்டிக் கும்பிடத் தேவையில்லை. அது ஓடும் நேரத்தில் கீழே ஒன்றும் ஒழுங்குபடுத்தப்படவில்லை. பைல்கள் திறந்தபடி, பூட்டுகள் பூட்டினபடி, பாதி மாற்றின பெறுமதிகள் பாதியிலேயே கிடக்கும். அங்கே நின்று எதையாவது மாற்றப் போனால் வில்லங்கம். இன்னொன்று, ஃபில்டருக்குள்ளேயே ஒரு பிழை வந்தால் அதைப் பற்றி யாருக்கும் தகவல் வராது. அது சத்தமில்லாமல் விழுங்கப்பட்டு, பதில் ‘இல்லை’ என்று எடுத்துக்கொள்ளப்படும். பார்க்கப் போனவர் மயங்கி விழுந்தால் அவர் ஒன்றும் காணவில்லை என்று எழுதுவது மாதிரி. ஆகவே ஃபில்டருக்குள் செய்வது சின்ன வேலையாக இருக்க வேண்டும். பார், குறித்துக்கொள், கையை எடு.

விதிவிலக்கு இல்லை

பட்டியல் கிடைத்த பிறகு திருத்துவது சுகம் என்று நினைத்தோம். கோடு வந்தால் பிடி, ‘திகதி இல்லை’ என்று போடு, போ. ‘வென்’னில் அதை எழுத ஒரு வரி காணும். எழுதியும் பார்த்தோம். வேலை செய்தது.

அக்காதான் விடவில்லை. “ஏன் இதை எக்ஸெப்ஷனா வச்சிருக்கிறியள்? 312இல 11 புத்தகத்தில வருது. உங்களுக்கு முதலே தெரியும், இனியும் வரும். தெரிஞ்ச ஒண்டு எப்பிடி எதிர்பாராததாகும்? வெறுமையா இருக்கிறதும் ஒரு பதில்தான் பிள்ளையள். அதுக்கு அட்டவணையில இடம் குடுங்கோ.”

எக்ஸெப்ஷனுக்குத் தமிழில் விதிவிலக்கு என்கிறோம். அக்கா சொன்னதை எங்கள் பாசையில் சொன்னால், எது விதி, எது விலக்கு என்பதைத் தீர்மானிப்பது கோட் எழுதுகிறவர். இந்த அட்டவணையை முதலில் வரைந்தவருக்கு ஆட்கள் இரண்டு வகைதான். இருக்கிறவர், இறந்தவர். இறந்தவருக்குத் திகதி உண்டு. இந்த இரண்டுக்குள்ளும் அடங்காதவர் ‘வடிவம் பிழை’.

இப்படி நினைத்தது அந்தப் புரோகிராம் மட்டும் இல்லை. 2010இல் இறப்புகளைப் பதிவது பற்றி ஒரு தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் வந்தது. காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்றது. கணவன் இறந்தாரா இல்லையா என்று தெரியாத பெண், காணியை மாற்றவோ வங்கிக் காசை எடுக்கவோ வேண்டும் என்றால் அவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க வேண்டிய நிலை. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, இறந்தார் என்று சொல்லாமலே ‘இவர் காணப்படவில்லை’ என்று சொல்லும் ஒரு சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். மூன்றாவதாக ஒரு பகுதி திறக்க அத்தனை வருடம் எடுத்தது. அது திறந்ததால் தேடல் முடியவில்லை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் அம்மாமார் தெருவோரம் இருக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அவர்கள் கேட்டது சான்றிதழ் இல்லை, பதில்.

நாங்கள் அட்டவணையில் ‘நிலை’ என்று ஒரு பகுதியைச் சேர்த்தோம். அதற்குள் என்ன சொல் போடுவது என்பதில்தான் அதிக நேரம் போனது. ‘காணாமல் போனவர்’ என்பதா, ‘காணாமல் ஆக்கப்பட்டவர்’ என்பதா? இந்த இரண்டுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. எங்களில் இரண்டு பேர் எல்லாருக்கும் இரண்டாவதையே போட வேண்டும் என்று நின்றார்கள். மற்ற இரண்டு பேர், கல்வெட்டு எழுதின குடும்பம் எந்தச் சொல்லை எழுதியதோ அதுதான் அந்த ஆவணம் என்று நின்றோம். 14இல் ஒன்பது பேருக்குக் குடும்பம் எழுதியிருந்தது ‘போனவர்’. மூன்று பேருக்கு ‘ஆக்கப்பட்டவர்’. இரண்டு பேருக்குக் கோடு மட்டும், சொல்லே இல்லை. அச்சில் உள்ளதை அப்படியே போட்டோம். சொல் இல்லாத இடத்தில் நாங்களாக ஒரு சொல்லையும் வைக்கவில்லை. எந்த வருடம், எந்தப் பயத்தில், எந்த நம்பிக்கையில் அந்தச் சொல் தெரிவு செய்யப்பட்டது என்பதும் வரலாறுதான். அதை ஒரே சொல்லாக்குவதும் ஒரு வகையில் விழுங்குவதுதான் என்று கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டோம்.

மாதம் மட்டும் உள்ள 19க்கும் தனி இடம் கொடுத்தோம். அச்சுப்பிழை எட்டை மட்டும் எக்ஸெப்ஷனாகவே விட்டோம். அவைதான் உண்மையான விதிவிலக்கு. அவை வந்தால் புரோகிராம் இப்போது பைலின் பெயரையும் வரியையும் எழுதிவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் ஒதுக்கிவைத்து மிச்சக் குடும்பத்தோடு தொடர்ந்து போகும். கடைசியில் ‘முடிந்தது’ என்று மட்டும் சொல்லாது. எத்தனை வாசித்தேன், எத்தனையை வாசிக்க ஏலாமல் போனது, எவை என்று சொல்லும். பழைய கட்சை அழித்துவிட்டோம்.

இதை வாசிக்கிற உங்களில் ஐ.டி. படிப்பவர்களுக்கு இதெல்லாம் முதல் வருடப் பாடமாக இருக்கலாம். உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறோம். அடுத்த முறை வெறும் அடைப்புக்குறியோடு ஒரு கட்சை எழுத முன், அதற்குள் யார் விழக்கூடும் என்று ஒருக்கால் யோசியுங்கோ. கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கும் ஒன்று. அட்டவணை தருகிற எந்த மென்பொருளிடமும் முதலில் எண்ணிக்கையைக் கேளுங்கோ. உள்ளே எத்தனை போனது, வெளியே எத்தனை வந்தது. அந்தக் கழித்தலுக்குப் புரோகிராமிங் தெரியத் தேவையில்லை.

ஆய்வைச் சமர்ப்பித்துவிட்டோம். அட்டவணையை இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்பது முதலே போட்ட திட்டம். இப்போது அதை நிறுத்திவைத்திருக்கிறோம். கல்வெட்டு, அந்தியேட்டிக்கு வந்தவர்களின் கையில் கொடுத்த புத்தகம். அதில் உள்ள பெயரை யாரும் தேடக்கூடிய இடத்தில் வைப்பது வேறு விசயம். அந்த 14 பேரின் வீடுகளில் எங்களுக்குத் தெரிந்த ஒன்பதுக்கு வாற மாதம் போய்க் கேட்கப்போகிறோம். வேண்டாம் என்று சொல்கிற வீட்டின் வரி வெளியே வராது. ஆனால் அந்த இடத்தில் ஒரு வரி இருக்கிறது, குடும்பம் கேட்டுக்கொண்டதால் மறைத்திருக்கிறோம் என்று அட்டவணையில் எழுதிவைப்போம்.